தையல் தெரியாத தையல் வகுப்பு

"மேற்படி முகவரியில் எச்ஐவி ஆதரவு மையம் எதுவும் செயல்படவில்லை. அங்கே பெண்களுக்கான தையல் வகுப்பு நடப்பதாக அக்கம்பக்கத்தார் தெரிவித்தனர். எனவே கம்பம் மையத்துக்கான உதவியை இம்மாதத்துடன் நிறுத்திவிடலாம்."

சென்னையிலிருந்து வந்த அந்தக் கடிதத்தை மூன்று முறை படித்தேன். முதல் முறை சிரிப்பு வந்தது. இரண்டாம் முறை முகவரி எங்களுடையதுதானா என்று சரிபார்த்தேன். மூன்றாம் முறை வந்த கோபம் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

செயல்படவில்லையாம். இரண்டு வருடமாக அந்தச் செயல்படாத மையத்தைத் திறந்து, பூட்டி, கூட்டிப் பெருக்கி நடத்தி வந்தவள் நான்தான். என் பெயர் கிருபாவதி. என் வீட்டுக்காரர் ஏசுதாசன் கம்பத்துக்கும் கோட்டயத்துக்கும் லாரி ஓட்டினார். நோயை எனக்கும் கொடுத்துவிட்டு 2001இல் போய்ச் சேர்ந்தார். அவர் போன ஆறே மாதத்தில் நானும் போய்விடுவேன் என்று சொந்தக்காரர்கள் நாள் குறித்தார்கள். ஏழு வருடமாகியும் நான் குத்துக்கல்லாட்டம் இருக்கிறேன். நாள் குறித்தவர்களில் இரண்டு பேர்தான் இல்லை.

தையல் வகுப்பு எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். முதலில் ஊருக்கு நடுவில் பெரிய போர்டோடுதான் மையத்தைத் திறந்தோம். சிவப்பு ரிப்பன் படம் போட்டு, எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர்களுக்கும் புரிகிற மாதிரி கொட்டை எழுத்தில் எழுதி மாட்டினோம். நாலு மாதத்தில் படியேறி வந்தவர்கள் மூன்று பேர். அதில் ஒருவர் கரண்டு ரீடிங் எடுக்க வந்தவர். ஆஸ்பத்திரியில் மாசமான பெண்களுக்கு ரத்தம் பார்த்து, நோய் இருந்தால் பதமாகச் சொல்லி எங்களிடம் அனுப்புவார்கள். அந்தப் பெண் தெருமுனை வரை வருவாள். போர்டைப் பார்ப்பாள். முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு திரும்பிவிடுவாள். அப்புறம் அவளை எங்கே போய்த் தேடுவது? கொடுத்த முகவரியில் வேறு யாரோ குடியிருப்பார்கள். அவள் பிள்ளை எங்கேயோ பிறக்கும், நோயோடு பிறக்கும். ஐந்தாம் மாதம் வீட்டு ஓனரும் எங்களைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்.

மார்க்கெட்டுக்குப் பின்னால் முத்துமாரியம்மாள் என்று ஒருவர். முன்கட்டில் இட்லி மாவு அரைத்து விற்பார். ஐம்பத்தைந்து வயது. வாய்க்கு மட்டும் பிரேக் கிடையாது. அவருடைய பின்கட்டு காலியாக இருக்கிறது என்று கேட்டுப் போனோம்.

"என்ன தொழில் செய்யப் போறீக?" என்றார்.

நான் பதிலை மென்று முழுங்குவதற்குள், கூட வந்த பாண்டியம்மாள், "தையல் கிளாஸுக்கா" என்று சொல்லிவிட்டாள். பாண்டியம்மாளும் எங்களில் ஒருத்திதான். அவளுக்கு நிஜமாகவே தைக்கத் தெரியும். சொந்தமாக ஒரு கால்மிஷினும் வைத்திருந்தாள்.

அந்த ஒரு பொய் செய்த வேலையை எந்த போர்டும் செய்யவில்லை. தையல் வகுப்புக்குப் போகிற பெண்ணை யார் தடுப்பார்கள்? மாமியாரே பையைக் கொடுத்து அனுப்புவார். வந்தார்கள். ஏலத்தோட்டத்துக்குப் போகிறவர்கள், திராட்சைத் தோட்டத்துக்குப் போகிறவர்கள், கடைக்காரர் வீட்டுப் பெண்கள், எல்லாரும் வந்தார்கள். வந்தவள் முதலில் அழுவாள். பிறகு மாத்திரையை நேரத்துக்குச் சாப்பிடப் பழகுவாள். பிறகு புருஷனை ரத்தம் பார்க்கக் கூட்டி வருவாள். கூடப் பிறந்தவள் வீட்டுக்காரன் இருமினால், "எதுக்கும் டெஸ்ட் எடுங்க" என்று சொல்லுவாள். ஒருத்தி வந்தால் அவளுக்குப் பின்னால் நாலு பேருக்கு நோய் தொற்றாமல் நின்றது. எங்கள் பின்கட்டுக்கு வந்து போனவர்களுக்கு அந்த இரண்டு வருடத்தில் பதினோரு பிள்ளைகள் பிறந்தன. பதினெட்டாம் மாத டெஸ்ட் முடிந்த பிள்ளைகள் ஆறு. ஆறும் சுத்தம்.

ஒரே சங்கடம், தையல். வாரம் ஒருநாள் கிளாஸுக்குப் போகிறவள் வீட்டில் எதையாவது தைத்துக் காட்ட வேண்டுமே! பாண்டியம்மாள் ஒற்றை ஆளாக எல்லோருக்கும் தைத்தாள். தலையணை உறை, பாவாடை, ஜாக்கெட். முப்பத்தெட்டு பெண்களின் மாமியார்களும் நாத்தனார்களும் இடது தோளில் மட்டும் சற்றே தூக்கலாக நிற்கும் ஒரே மாதிரி ஜாக்கெட் போட்டுக்கொண்டு கம்பத்தில் நடமாடினார்கள். கேட்டால் அதுதான் புது பேஷன் என்று சொல்லச் சொல்லியிருந்தேன்.

அவ்வளவு கெட்டிக்காரத்தனமாக ஒளிந்துகொண்டோம். அதுதான் தப்பாகிப் போயிற்று.

சென்னை நிறுவனத்தின் மதிப்பீட்டு அதிகாரி அஜய்குமார் ஒரு செவ்வாய்க்கிழமை சொல்லாமல் கொள்ளாமல் வந்திருக்கிறார். ஐந்து பேருக்கு மாத்திரை வாங்க நானும் பாண்டியம்மாளும் தேனி போயிருந்தோம். பின்கட்டு பூட்டியிருந்தது. முன்கட்டில் கேட்டிருக்கிறார். முத்துமாரியம்மாள் மாவுக் கையோடு வந்து, "அது தையல் கிளாஸுங்க. வேற எதுவும் கெடையாது" என்று சொல்லி அனுப்பிவிட்டார். சாயங்காலம் என்னிடமும் பெருமையாகச் சொன்னார்: "யாரோ ஒரு பேண்ட்டுக்காரவுக வந்தாக. ஏதோ நோயாளிக மையமான்னு கேட்டாக. மூஞ்சியில அடிச்ச மாதிரி இல்லைன்னுட்டேன்." நான் என்ன சொல்வேன்? நல்லது அக்கா என்றேன்.

கடிதம் வந்த அன்று அஜய்குமாருக்கு போன் போட்டேன். அவர் மரியாதையாகத்தான் பேசினார். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

"மேடம், நீங்க மாசாமாசம் அனுப்புற ரிப்போர்ட்ல முப்பத்தெட்டு பேர்னு இருக்கு. நேர்ல வந்தா ஒருத்தர் இல்லை. போர்டு இல்லை. ஆடிட்ல என்னைக் கேப்பாங்க. அதோட உங்க ஏரியாவுல புது கேஸும் குறைஞ்சிருச்சு. தேவை குறைவுன்னு நானும் எழுத வேண்டியிருக்கு."

"தானா குறைஞ்சுச்சா சார்? திராட்சைக்கு மருந்தடிச்சுப் பூச்சி போச்சு. பூச்சிதான் இல்லையே, மருந்து எதுக்குன்னு எந்த விவசாயியாச்சும் கேப்பானா?"

அந்தப் பக்கம் காகிதம் புரட்டுவது கேட்டது. பிறகு, "ரூல்ஸ்படி பெயர்ப்பலகை வைங்க. வச்சு போட்டோ அனுப்புங்க. வியாழக்கிழமை தேனியில ரிவ்யூ மீட்டிங் இருக்கு. அதுக்குள்ள அனுப்பினா நான் மாத்தி எழுதுறேன்" என்றார்.

ஒரு போர்டு. தகரத்தில் அடித்தால் ஒருநாள் வேலை. மாட்டிவிடலாம்தான். ஆனால் யாஸ்மின்?

யாஸ்மினுக்கு இருபது வயது. எட்டு மாதம். கல்யாணமாகி முதல் பிள்ளை. தாய் இல்லாத பெண் என்பதால் பிரசவம் மாமியார் வீட்டில். அவளுக்கும் அவள் புருஷன் அஸ்லமுக்கும் நோய் இருப்பது மாமியார் லத்திபாவுக்குத் தெரியாது. தெரிந்தால் மருமகள்தான் கொண்டு வந்தாள் என்பார்கள். அஸ்லம் கோழை. ஆனால் கெட்டவன் இல்லை. "கிளாஸுக்குப் போயிட்டு வா" என்று அவனே பைக்கில் கொண்டுவந்து முனையில் இறக்கிவிடுவான். வலி கண்டதும் யாருக்கு போன் செய்வது, எந்த ஆஸ்பத்திரிக்குப் போவது, எந்த மாத்திரையை எப்போது போடுவது, பிள்ளை பிறந்ததும் அதற்கு என்ன மருந்து, வீட்டில் என்ன சொல்வது என்று எல்லாவற்றையும் அந்தப் பின்கட்டில் உட்கார்ந்து ஒத்திகை பார்த்திருந்தோம். இன்னும் ஐந்து வாரம். அந்த ஐந்து வாரத்தில்தான் ஒரு குழந்தையின் முழு ஆயுசும் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் கூடியபோது கடிதத்தைப் படித்துக் காட்டினேன். முதலில் யாஸ்மின்தான் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

"போர்டு மாட்டுனா எங்க மாமி என்னைய இங்கன விடமாட்டாக. மாட்டலைன்னா நீங்களே இங்கன இருக்க மாட்டீக. எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்க்கா."

"அழுவாத ஆத்தா" என்றேன்.

"நான் எங்க அழுதேன்? கோவமா வருது."

அதைக் கேட்டதும் எனக்கு உள்ளுக்குள் ஏதோ நிமிர்ந்தது. இந்தப் பெண் இங்கே வந்த முதல் நாள் தன் பெயரைக்கூடச் சொல்லவில்லை. இன்றைக்குக் கோபம் வருகிறது என்கிறாள். இதை எந்த ரிப்போர்ட்டில், எந்தக் கட்டத்தில் எழுதுவது?

பாண்டியம்மாள் மிஷினிலிருந்து எழுந்தாள். "அவரு வந்து பாத்தாரு, ஆளைக் காணோம்ங்கறாரு. அவ்வளவுதானே? நாம போய்க் காட்டுவோம். தேனியில நம்மள யாருக்குத் தெரியும்?"

பயந்தவர்கள் இருந்தார்கள். தேனி பஜாரில் சித்தப்பா கடை வைத்திருக்கிறார் என்றாள் ஒருத்தி. சின்னமனூரில் பஸ் நிற்கும்போது அண்ணன் பார்த்துவிடுவான் என்றாள் இன்னொருத்தி. ஒரு மணி நேரம் பேசினோம். கடைசியில் முப்பத்தெட்டு பேரும் வருவதாகச் சொன்னார்கள். வீட்டில் என்ன சொல்வது? தேனியில் தையல் மிஷின் கம்பெனிக்காரன் கண்காட்சி போடுகிறான், கிளாஸே போகிறது. முடிந்தது.

முடியவில்லை. வியாழக்கிழமை காலை கம்பம் பஸ் ஸ்டாண்டில் எங்களுக்கு முன்னாலேயே ஒருவர் நின்றுகொண்டிருந்தார். பட்டுப்புடவை, தலை நிறையப் பூ, கையில் முறுக்குப் பொட்டலம். முத்துமாரியம்மாள்.

"கண்காட்சிக்குப் போறீகளாம்ல? எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னீகளா? நானும் ஒரு மிஷின் பாக்கணும்னு எத்தனை நாளா நெனச்சுக்கிட்டு இருக்கேன்."

வெயில் என்றேன், கூட்டம் என்றேன், முழங்கால் வலி என்றேன். "முழங்காலு என்னுது. அதப்பத்தி நீ ஏன் கவலைப்படுறே?" என்று முதல் ஆளாக ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டார். உத்தமபாளையம் தாண்டும் வரை முறுக்கு கொடுத்துக்கொண்டே வந்தார். முப்பத்தெட்டு பெண்களும் பேயறைந்த மாதிரி முறுக்குக் கடித்தார்கள்.

தேனியில் பெரியகுளம் ரோட்டில் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில் மீட்டிங். கீழேயே அவரைக் கழற்றிவிடப் பார்த்தேன்.

"அக்கா, நீங்க இங்கன டீ குடிச்சுக்கிட்டு இருங்க. நாங்க முதல்ல போய்ப் பாத்துட்டு..."

"டீ குடிக்கவா நாப்பது கிலோமீட்டர் வந்தேன்?" என்று எங்களுக்கு முன்னால் படியேறினார்.

மேலே நீளமான மேஜை. அதன் பின்னால் அஜய்குமார். முப்பது வயதுதான் இருக்கும். முன்னால் மற்ற ஊர் மையங்களிலிருந்து வந்தவர்கள் பைல்களோடு உட்கார்ந்திருந்தார்கள். நாங்கள் உள்ளே நுழைந்ததும் எல்லோரும் திரும்பினார்கள். நாற்காலி போதவில்லை. எங்கள் பெண்கள் சுவரோரமாக நின்றார்கள். யாஸ்மினுக்கு மட்டும் ஒருவர் எழுந்து இடம் கொடுத்தார். முத்துமாரியம்மாள் எனக்கு நேர் பின்னால் நின்றுகொண்டு, "மிஷின் எங்க?" என்று காதில் கேட்டார்.

"நீங்க யாரு?" என்றார் அஜய்குமார்.

என் வாழ்க்கையில் அப்படி ஒரு நிமிடம் வந்ததில்லை. வாயைத் திறந்தால் பின்னால் நிற்கிற வீட்டு ஓனருக்குத் தெரிந்துவிடும். இன்று சாயங்காலமே பின்கட்டைக் காலி செய்யச் சொல்லுவார். நாளைக்கே லத்திபா வீடு வரை செய்தி போகும். திறக்காவிட்டால் அந்த மனிதர் தன் பேனாவால் எங்களை மூடிவிடுவார். நான் யாஸ்மினைப் பார்த்தேன். அவள் தன் வயிற்றில் கை வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். பிறகு மெதுவாகத் தலையாட்டினாள்.

ஒளிந்து ஒளிந்தே சாக வேண்டுமா என்று ஒரு ஆத்திரம் வந்தது பாருங்கள், அதுதான் பேசியது.

"நாங்கதான் சார் கம்பம் மையம். நீங்க இல்லைன்னு எழுதுனீகளே, அந்த முப்பத்தெட்டு பேரும், நானும். எனக்கு நோய் இருக்கு. இவுக எல்லாருக்கும் இருக்கு. தையல் கிளாஸ்னு சொன்னது நான். போர்டு இருந்தப்ப மூணு பேர் வந்தாக. போர்டு இல்லாததால முப்பத்தெட்டு பேர் வந்தாக. இப்ப போர்டு இல்லைன்னு மூடுறீக. உங்க ரூல்ஸ் யாருக்கு சார்? நோய நிறுத்தவா, போர்டு எழுதுறவனுக்கு வேலை கொடுக்கவா?"

பாண்டியம்மாள் முதலில் போய், ஆஸ்பத்திரியில் கொடுத்த தன் மாத்திரைப் புத்தகத்தை மேஜை மேல் வைத்தாள். அடுத்து இன்னொருத்தி. ஒவ்வொருத்தியாகப் போனார்கள். தையல் பையிலிருந்து எடுத்து, பெயர் தெரியாமல் கவிழ்த்து வைத்தார்கள். யாஸ்மின் கடைசியாகப் போனாள். நான் பின்னால் திரும்பிப் பார்க்கவே இல்லை. பார்க்கத் தைரியம் இல்லை.

அஜய்குமார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மேடம், நான் உங்களை நம்பலைன்னு சொல்லலை. ஆனா என் ரிப்போர்ட்ல வீட்டு ஓனரே சொன்ன சாட்சி இருக்கு. அங்க தையல் கிளாஸ்தான்னு..."

"அதச் சொன்னவ நாந்தான் தம்பி."

முத்துமாரியம்மாள் என்னைத் தாண்டி முன்னால் போனார். பட்டுப்புடவை சரசரத்தது.

"என்னைய என்ன நெனச்சீக எல்லாரும்? ரெண்டு வருஷமா பாக்குறேன். முப்பத்தெட்டு பேர் படிக்கிற தையல் கிளாஸுக்கு ஒரே ஒரு மிஷினு. பாண்டியம்மாளத் தவிர ஒருத்திக்கும் ஊசியில நூல் கோக்கத் தெரியல. வர்றவ எல்லாம் அழுதுக்கிட்டு வர்றா, சிரிச்சுக்கிட்டுப் போறா. தையல் படிச்சா அப்படி ஆகுமா? எனக்கு மூணாம் மாசமே தெரியும்."

நான் அப்படியே நின்றேன். மூன்றாம் மாதமே தெரியுமா? இந்த மனுஷிக்கா?

"எனக்கு ஒரு தம்பி இருந்தான். சின்னச்சாமி. கம்பமெட்டுக்கு ஜீப் ஓட்டுனான். தொண்ணூத்தொம்பதுல அவனுக்கு இதே நோய். மாட்டுக் கொட்டகையில போட்டோம். நான்தான் சோறு வைப்பேன். தட்டைக் குச்சியால தள்ளி விடுவேன். கூடப் பொறந்தவனுக்கு, குச்சியால." முந்தானையால் கண்ணைத் துடைத்தார். ஆனால் நிறுத்தவில்லை. "அக்கா கொஞ்சம் பக்கத்துல வாயேன்னு கேட்டான். போகல. போனா என்ன ஆகும்னு சொல்ல அப்ப எனக்கு யாருமில்ல. அவன் பொண்டாட்டிய டெஸ்ட் எடுன்னு சொல்லவும் யாருமில்ல. ரெண்டு வருஷத்துல அவளும் போய்ட்டா, கைப்பிள்ளையும் போயிருச்சு. இவ கூட்டத்துக்கு என் வீட்டக் கொடுத்திருக்கேன்னா சும்மா இல்ல. நீங்க வந்து கேட்டப்ப, யாரோ உளவு பாக்க வந்திருக்காகன்னுதான் தையல் கிளாஸ்னு சொல்லி விரட்டுனேன். நாளைக்கு வந்து கேட்டாலும் அதான் சொல்லுவேன். நீங்க உங்க காகிதத்துல உள்ளத எழுதுங்க."

எனக்குக் கண்ணீர் வந்தது. வந்தால் வரட்டும் என்று விட்டுவிட்டேன்.

அஜய்குமார் ஒரு தாளை என் பக்கம் நகர்த்தினார். "சரி. வந்தவங்க பெயர், முகவரி, கையெழுத்து. அது போதும்."

"பேர் தரமாட்டோம் சார்" என்றேன். "தலைய எண்ணிக்கங்க."

அவர் எழுந்து நின்று விரலை நீட்டி எண்ணத் தொடங்கினார். சுவரோரம் போய், நாற்காலிப் பக்கம் வந்து, என்னைச் சேர்த்து, "முப்பத்தொன்பது" என்றார்.

"நாப்பது" என்றார் முத்துமாரியம்மாள். "என்னைய விட்டுட்டீக."

"உங்களுக்கு நோய் இல்லையேம்மா."

"எங்கள எல்லாம் வரிசையா நிறுத்திப் பாருங்க. யாருக்கு இருக்கு, யாருக்கு இல்லைன்னு உங்களுக்குத் தெரியுதா? தெரியலைல்ல? எண்ணுங்க."

அந்த இளைஞர் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு உட்கார்ந்து நாற்பது என்று எழுதினார். அதற்குக் கீழே, மையம் செயல்படுகிறது என்று எழுதி, கையெழுத்துப் போட்டார். போட்டவர் பழக்க தோஷத்தில் தலையை நிமிர்த்தி, "அப்புறம் அந்த போர்டு மட்டும்..." என்று ஆரம்பித்தார்.

"வீடு என்னுது தம்பி" என்றார் முத்துமாரியம்மாள். "என் சொவத்துல ஒருத்தரையும் ஆணி அடிக்க விடமாட்டேன்."